பன்னிரண்டு படிவங்களில் ஒரே இலக்கம்

2006 ஓகஸ்ட் 30 என்று திகதியிட்ட கடிதம் ஒன்று என் கோப்பில் இருக்கிறது. கொழும்பிலிருந்து பதுளை வழியாக வந்தது. "தங்களால் நிரப்பப்பட்ட படிவங்களில் 31 தொடக்கம் 42 வரையான பன்னிரண்டிலும் ஒரே கைத்தொலைபேசி இலக்கம் காணப்படுகிறது. இவ்வீடுகளுக்குத் தாங்கள் நேரில் சென்றீர்களா என்பதைத் தெரியப்படுத்தவும்." அதன் கீழே, அதை அனுப்பிய கம்பனியின் பதுளை உத்தியோகத்தர் பேனாவால் எழுதிய ஒரு வரி: "மாஸ்டர், நேரில் வந்தால் நல்லது." தோட்டத்துத் தபால் பையில் அது என் கைக்கு வந்து சேர்ந்தது செப்டெம்பர் 4, திங்கட்கிழமை. அதற்குள் அந்தப் பன்னிரண்டு வீடுகளும் இருந்த லயத்தில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசாத நிலை வந்துவிட்டது.

நான் அப்போது ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1991இலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை பெய்த நாள், பஸ் ஓடாத நாள், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் என்ன அறிவித்தார்கள், எல்லாம் இருக்கும். அந்த ஓகஸ்ட் விடுமுறையில் எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது. தமிழிலும் சிங்களத்திலும் எழுத்தும் குரலும் வரும் புதிய கைத்தொலைபேசிச் சேவை ஒன்றை ஒரு கம்பனி தொடங்கவிருந்தது. ஒரு பொத்தானை அமுக்கினால் காலநிலை, பஸ் நேரம், வேலைவாய்ப்புச் செய்தி, ராசிபலன் எல்லாம் தமிழில் சொல்லுமாம். ஊவாத் தோட்டங்களில் எத்தனை வீட்டார் அதை எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்ல வேண்டும். அந்தக் கணிப்பைப் பார்த்துத்தான் எந்த மலையில் கோபுரம் நடுவது என்று தீர்மானிப்பார்கள். என்னைப்போல் நாலைந்து ஆசிரியர்களைப் பிடித்து, ஆளுக்குச் சில லயங்களைப் பிரித்துக் கொடுத்தார்கள்.

பதுளையில் ஒரு விடுதியின் மேல்மாடியில் பயிற்சி நடந்தது. நடத்தியவர் கம்பனியின் உத்தியோகத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயதிருக்கும். படிவத்தில் பதினான்கு கேள்விகள். எட்டாவது கேள்வி, வீட்டிலுள்ள தொலைபேசியின் இலக்கம். "இது எதற்கு?" என்று கேட்டேன்.

"சும்மா, சரிபாக்கத்தான் மாஸ்டர். நீங்கள் வீட்டுக்குப் போனீங்களோ இல்லையோ எண்டு."

அன்று இரவு நாட்குறிப்பில் அந்த 'சும்மா'வை அப்படியே எழுதினேன். படிவத்தோடு வருகிறவர்கள் சும்மா வருவதில்லை என்பது எங்கள் ஆட்களுக்கு இரத்தத்தில் ஊறிய விஷயம். பிரஜாவுரிமைப் படிவம், இந்தியாவுக்குப் போகும் படிவம், தொண்ணூறுகளில் பதுளையில் வாடகை அறை எடுத்தபோது பொலிஸில் கொடுத்த படிவம். கடைசியாகச் சொன்னதில் என் பெயரும் இருக்கிறது. அது இப்போது எந்த அலுமாரியில் கிடக்கிறதோ தெரியாது. ஆனாலும் வேலையை ஏற்றுக்கொண்டேன். கோபுரம் வந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். 'கேட்டதைக் கேட்டபடி எழுதவும், திருத்த வேண்டாம்' என்ற அறிவுறுத்தலும் எனக்குப் பிடித்திருந்தது.

ஓகஸ்ட் 20, ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தின் மேற்பிரிவான மேல்கணக்கில் இருந்த லயத்துக்குப் போனேன். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டு காம்பராக்கள், ஒவ்வொன்றும் ஒரு வீடு. முற்றத்தில் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் என் கையிலிருந்த தாள்கட்டைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"என்னங்க சேர், மறுபடியும் ஓட்டு லிஸ்ட்டா?"

"இல்லக்கா. போன் கம்பனி. யாரு யாருக்குப் போன் வேணும்னு கேக்குறாங்க."

"கேட்டுட்டு? குடுக்கப் போறாங்களா?"

"குடுக்கல. எத்தன பேரு வாங்குவாங்கன்னு தெரிஞ்சுக்கணுமாம்."

"அத தெரிஞ்சு அவனுக்கு என்னா ஆகப்போவுது? நாங்க வாங்குனாதானே தெரியும்!" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தார்களே தவிர ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. ஓய்வு பெற்ற கங்காணி ஒருவர் படியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். "சேர், தமிழ்ல எழுத்து வரும்கிறீங்க. நாம அனுப்புறதத் தமிழ் தெரிஞ்ச வேற எவனாச்சும் நடுவுல ஒக்காந்து படிப்பானா?" என்று கேட்டார். பதினான்கு கேள்விகளில் அது இல்லை. ஆனால் அன்றைக்குக் கேட்கப்பட்டவற்றில் சரியான கேள்வி அதுதான்.

அப்போது கடைசி வீட்டு அக்கா வெளியே வந்தார். கொழுந்து பறிக்கிறவர், ஐம்பதை நெருங்கியவர், கணவர் இல்லை. மகள் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்தாள். "அட, நம்ம சேரு. எம்மகளுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவரு. இவரு நமக்குக் கெடுதி செய்வாரா? கேளுங்க சேர், என் வீட்டுலேர்ந்து ஆரம்பிங்க," என்றார். அவர் அப்படிச் சொன்னதால்தான் மற்ற பதினொரு கதவுகளும் திறந்தன.

அந்த லயத்தில் இருந்தது ஒரே ஒரு போன். மகள் முதல் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்தது. தோட்டத்தில் அப்போது எங்கும் சிக்னல் இல்லை. கடைசி வீட்டுக்குப் பின்னால் நிற்கும் கொய்யா மரத்தில், தோள் உயரத்தில், ஓரிடத்தில் மட்டும் இரண்டு கோடு காட்டும். கிளையில் ஆணி அடித்து, துணிப்பையில் போனைப் போட்டுத் தொங்கவிட்டிருந்தார்கள். மழை வந்தால் அதற்கு மேல் கொழுந்துப் படங்கில் வெட்டிய ஒரு துண்டைப் போர்த்துவார்கள். மணி அடித்தால் பக்கத்தில் இருப்பவர் எடுப்பார். "அஞ்சாவது வீடு! மொனராகலையிலேர்ந்து!" என்று கூவுவார். ஐந்தாவது வீட்டுக்காரர் ஓடிவருவார். அந்த இலக்கம் பன்னிரண்டு வீட்டாருக்கும் மனப்பாடம். கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும், மொனராகலையில் கரும்பு வெட்டப் போனவர்களுக்கும், ஆஸ்பத்திரி வார்ட்டுக்கும் அதைத்தான் கொடுத்திருந்தார்கள். தண்ணீர் பிடிக்கும் பீலியை 'நம்ம பீலி' என்கிற மாதிரி 'நம்ம போன்'.

ஆகவே ஏழாவது கேள்வி, வீட்டில் தொலைபேசி இருக்கிறதா? "இருக்குங்க." எட்டாவது, இலக்கம்? சொன்னார்கள். ஒன்பதாவது, அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வாங்கும் எண்ணம் உண்டா? "அதான் இருக்கேங்க, இன்னொன்னு எதுக்கு?" பன்னிரண்டு வாசலிலும் அதே பதில். கேட்டதைக் கேட்டபடி எழுதினேன். ஓரத்தில் பென்சிலால், 'முழு லயத்துக்கும் ஒரே போன். மேலே சொன்னதே' என்று தமிழில் குறிப்பும் போட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு, ஈரத்தில் கசங்கிய தாள்களைப் பார்க்கப் பொறுக்காமல், பன்னிரண்டையும் புதிய படிவங்களில் ஒரே பேனாவால் அழகாகத் திருப்பி எழுதினேன். ஓரக் குறிப்பை முதல் படிவத்தில் மட்டும் எழுதிவிட்டு மற்றவற்றில் 'மேற்படி' என்று போட்டேன். இன்று நினைத்தால் அந்த அழகுதான் வினை.

செப்டெம்பர் 2, சனிக்கிழமை பின்னேரம், கொய்யா மரத்தில் மணி அடித்திருக்கிறது. எடுத்தவர் கடைசி வீட்டு அக்கா. பேசியவர் கொழும்பிலிருந்து ஓர் ஆண். முதலில் சிங்களத்தில், பிறகு உடைந்த தமிழில். முதல் வீட்டுக் குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லி, "அவர் வீடுதானே இது?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றாராம். அடுத்து இரண்டாம் வீட்டுப் பெயர். அதற்கும் ஆமாம். மூன்றாவது, நான்காவது என்று அந்தக் குரல் வரிசையாகப் பன்னிரண்டு பெயரையும் வாசித்திருக்கிறது. போர் மறுபடி தொடங்கியிருந்த மாதங்கள் அவை. கொழும்பில் தோட்டத்துப் பிள்ளைகளை லொட்ஜ்களிலிருந்து ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்ற செய்தி ஒவ்வொரு லயத்துக்கும் வந்திருந்தது. முகம் தெரியாத ஒருவன் ஒரு லயத்தின் பெயர்களையெல்லாம் வரிசையாக வாசித்தால் யாரும் அதை விற்பனைக் கணிப்பு என்று எண்ணமாட்டார்கள்.

அன்றே போனை அணைத்து, சிம்மைக் கழற்றி, மாவு டின்னுக்குள் போட்டுவிட்டார்.

மறுநாள் காலை நான் பீலிப் பக்கமாகப் போனபோது என்னை மறித்தார். குரலை உயர்த்தவில்லை.

"எத்தன பேருகிட்ட குடுத்தீங்க சேர் அந்தப் பேப்பர?"

"கம்பனிக்கு மட்டுந்தான்க்கா. அவங்க சரிபாக்கத்தான் பேசியிருப்பாங்க."

"பாத்துட்டாங்கல்ல. இனி யாரு யாரு வந்து பாப்பாங்க?"

பிறகுதான் விஷயம் சொன்னார். மகளின் ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. குவைத்தில் அவள் வேலை செய்யும் வீட்டார் அவளை இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள். வரும் வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு வீட்டுக்காரரின் முன்னிலையில் பேசுவாள். தாய் தன் வாயால் 'பிள்ளை வரவேண்டும்' என்று சொல்ல வேண்டும். அவர்களுடைய சாரதி சிங்களவர், அவர் கேட்டு அரபியில் சொல்லுவார். யாரும் எடுக்காவிட்டால், தாய்க்கு ஆட்சேபம் இல்லை என்று எடுத்துக்கொண்டு கையெழுத்து வாங்கிவிடுவார்கள். அந்த வீட்டு இலக்கம் இங்கே யாரிடமும் இல்லை. அவள் பேசினால்தான் உண்டு.

"என் போன்ல சிம்மப் போட்டுப் பேசலாமேக்கா," என்றேன்.

"போனா சேர் அவங்ககிட்ட இருக்கு? நம்பர்தானே இருக்கு. இத தெறந்தா பன்னெண்டு வீட்டுக்கும் நாந்தான் பதில் சொல்லணும். கங்காணி மாமா நேத்தே சொல்லிட்டாரு, 'ஒம் மகளுக்காக எங்க வீட்டுப் பயலுகள மாட்டி வுட்றாத'ன்னு." குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தபடி, "அந்தப் பேப்பர் என் கையில வரட்டும். வந்தா தெறக்குறேன்," என்றார்.

புதன்கிழமை, ஆறாம் திகதி, லீவு போட்டுப் பதுளைக்குப் போனேன். உத்தியோகத்தர் அதே விடுதி அறையில் இருந்தார். மேசையில் வரைபடம் விரித்திருந்தது. என்னைக் கண்டதும் முதலில் கதவைச் சாத்தினார், பிறகுதான் "இருங்கோ மாஸ்டர்" என்றார்.

"நீங்கள் போகேல்லை எண்டுதான் கொழும்பில நினைக்கினம். ஒரே எழுத்து, ஒரே பேனை, ஒரே நம்பர். வீட்டில இருந்து நிரப்பினா இப்பிடித்தான் இருக்கும் எண்டு சொல்லுகினம்."

"முதல் படிவத்தின் ஓரத்தைப் பாருங்க. ஒரே போன்னு எழுதியிருக்கேன்."

"ஓரத்தை ஆர் மாஸ்டர் வாசிக்கிறது? அங்க பெட்டியளுக்குள்ள இருக்கிறதை மட்டும் கணினியில அடிக்கினம். பன்னிரண்டு வீட்டிலயும் போன் இருக்கு, ஒருத்தரும் வாங்க மாட்டினம். அப்ப அந்தப் பக்கம் போனுக்குக் கேள்வி இல்லை, வாங்க ஆளில்லை எண்டுதான் வரும்."

"ஒரு போனுக்குப் பன்னிரண்டு வீடு காத்துக்கிட்டு நிக்குது. அதுக்குப் பேர் கேள்வி இல்லையா?"

அவர் சிரித்தார். "உண்மைதான். ஆனா அதைப் போட என்னட்டப் பெட்டி இல்லையே. ஒண்டு எண்டு போடுறதோ, பன்னிரண்டு எண்டு போடுறதோ?"

நான் வந்த காரணத்தைச் சொன்னேன். குவைத்தையும் வெள்ளிக்கிழமையையும் சொன்னேன். அவர் முகம் மாறியது. எழுந்து யன்னல் வழியாக வீதியைப் பார்த்துவிட்டு வந்தார். "என்ர அடையாள அட்டையில பிறந்த இடம் யாழ்ப்பாணம். நான் மலையள் குறிச்ச வரைபடத்தோட திரியிறன். பண்டாரவளையில ரெண்டு தரம் இறக்கி விசாரிச்சிட்டினம். அதுக்குமேல, பன்னிரண்டு தமிழ் வீட்டுக்கு ஒரு நம்பர், வெளிநாட்டு அழைப்பு, எல்லாம் என்ர பையுக்குள்ள. எனக்கும் அது இருக்கிறது விருப்பமில்லை மாஸ்டர். கொண்டு போங்கோ."

அலுமாரியிலிருந்து 31 முதல் 42 வரை எடுத்து நீட்டினார். எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன.

"கொப்பி ஏதும்?"

"இல்லை."

"கொழும்புல?"

"அங்க பேரும் நம்பரும் மட்டும் எடுத்தவை. அதை அழிக்கச் சொல்லுறன்." என்னைப் பார்க்காமல் சொன்னார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகு தாள்களை நிதானமாகப் பார்த்தேன். நான் கொடுத்தபோது மேல்மூலையில் ஒரு பின் அடித்திருந்தேன். இப்போது இருந்தது வேறு பின். அதன் பக்கத்தில், என் பின் கழன்ற இரண்டு துளைகள். பன்னிரண்டு தாளிலும் அப்படியே. ஒரு கட்டைக் கழற்றித் தாள் தாளாக்கி மறுபடி அடிப்பது எதற்கு? கணினியில் அடிக்க இருக்கலாம். படப்பிரதி எடுக்கவும் இருக்கலாம். ஹாலிஎல வரை அந்தத் துளைகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். இறங்க வேண்டிய இடம் தாண்டியதைக் கண்டக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

அன்று பின்னேரம் கடைசி வீட்டுக்குப் போனேன். அக்கா தேத்தண்ணிக் கேத்தலை அடுப்பில் வைத்திருந்தார். கட்டைக் கையில் கொடுத்தேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல எது என் வீடு?" என்று கேட்டார். காட்டினேன். அதைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இம்புட்டுத்தானா சேர்? வேற எங்கயும் இல்லையே?"

துளைகளைப் பற்றி அப்போது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் போன் மாவு டின்னிலேயே கிடக்கும், வெள்ளிக்கிழமை ஆறு மணி கடந்துவிடும். சொல்லாவிட்டால், ஏதாவது வந்தால் அவர் தயாராக இருக்கமாட்டார். நாட்குறிப்பில் பொய் எழுதாதவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு எண்ணம் இருந்தது.

"இவ்வளவுதான்க்கா," என்றேன்.

பதினொரு தாளையும் ஒவ்வொன்றாக அடுப்பில் வைத்தார். தன்னுடையதைக் கடைசியாக வைத்தார். பிறகு வாசலில் நின்று, லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி, "எல்லாம் எரிஞ்சிருச்சு! வந்து சாம்பலப் பாத்துக்கிடுங்க!" என்றார். கங்காணி உண்மையாகவே வந்து பார்த்தார். இரும்புக் கம்பியால் சாம்பலைக் கிளறிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அடுத்த தடவ பேப்பரு எடுத்தாந்தா சேர், மொதல்ல ஒங்க பேர எழுதிட்டு வாங்க," என்றார்.

வெள்ளிக்கிழமை, எட்டாம் திகதி, ஐந்தரைக்கே கொய்யா மரத்தடியில் பத்துப் பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். ஆறு மணி ஆனது. ஆறு பத்து. மணி அடித்தபோது அக்கா உடனே எடுக்கவில்லை. திரையில் தெரிந்த இலக்கத்தை என்னிடம் காட்டி, "கொழும்பா?" என்று கேட்டார். நீளமான வெளிநாட்டு இலக்கம். தலையசைத்தேன். எடுத்தார். மகளோடு நாலு வார்த்தை. பிறகு சாரதி பேசியிருக்க வேண்டும். அக்கா கொச்சைச் சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாக, மலை கேட்கும்படி, பிள்ளை வரவேண்டும், தாய் காத்திருக்கிறாள், கையெழுத்து வைக்க வேண்டாம் என்று மூன்று தரம் சொன்னார். கூட்டத்தில் ஒருத்தி, "இன்னும் சத்தமாச் சொல்லுக்கா, நம்ம கங்காணி மாமாவுக்கே கேக்கல," என்றாள். அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

மகள் ஒக்டோபர் 3ஆம் திகதி வந்து இறங்கினாள். அது என் குறிப்பில் இருக்கிறது. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன்.

ஒக்டோபர் 19, வியாழக்கிழமை, முற்பகல், ஆட்கள் மலையில் கொழுந்தில் இருந்த நேரம். சாதாரண உடையில் இரண்டு பேர் ஜீப்பை ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து வந்தார்கள். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்க்கும் பெண் சொன்னது இது. யாரிடமும் வழி கேட்கவில்லையாம். நேரே கடைசி வீட்டைச் சுற்றிப் பின்னால் போய், துணிப்பையிலிருந்து போனை எடுத்து, ஏதோ அமுக்கிப் பார்த்து, ஒரு சிறு புத்தகத்தில் எழுதிக்கொண்டு, இருந்தபடியே தொங்கவிட்டார்களாம். அவளிடம் மரியாதையாக, "இது எத்தனை வீட்டு போன்?" என்று கேட்டார்களாம். "பன்னெண்டு வீட்டுதுங்க" என்று அவள் சொன்னாளாம். போய்விட்டார்கள். அதன் பிறகு யாரும் வரவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை.

பின்னேரம் அக்கா என்னைத் தேடி வரவில்லை. வழியில் கண்டபோது, "வந்துட்டுப் போனாங்க சேர்," என்று மட்டும் சொன்னார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் துளைகளைப் பற்றிச் சொல்லவில்லை.

நவம்பரில் உத்தியோகத்தருக்கு இரண்டு கடிதம் எழுதினேன். முதலாவதற்குப் பதில் இல்லை. இரண்டாவது, பெறுநர் அங்கே இல்லை என்ற குறிப்போடு திரும்பி வந்தது. அவர் வேலையை விட்டாரா, வெளிநாடு போனாரா, வேறு ஏதாவது ஆயிற்றா தெரியவில்லை. கோபுரம் இரண்டு வருடத்துக்குப் பின் எதிர்மலையில் வந்தது. எங்கள் லயம் அந்தக் கணிப்பில் ஒன்று என்று போனதா, பன்னிரண்டு என்று போனதா, எதுவுமில்லை என்று போனதா என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அந்த இரண்டு பேருக்கும் கொய்யா மரம் எப்படித் தெரிந்தது என்பதற்கு மூன்று சாத்தியங்களை அன்றே எழுதி வைத்தேன்: லயத்திலிருந்து யாராவது சொல்லியிருக்கலாம், தோட்டக் காரியாலயத்தில் விசாரித்திருக்கலாம், அல்லது என் கையெழுத்தில் உள்ள படிவங்களின் படப்பிரதி, 'முழு லயத்துக்கும் ஒரே போன்' என்ற ஓரக் குறிப்போடு, எங்காவது போயிருக்கலாம். ஆனால் படிவத்தில் கொய்யா மரம் பற்றி நான் எழுதினேனா? ஈரத்தில் கசங்கிய முதல் பிரதிகளைத் திருப்பி எழுதிய அன்றே கிழித்துவிட்டேன், நல்ல பிரதிகள் அக்காவின் அடுப்பில் எரிந்தன. எழுதவில்லை என்றுதான் எண்ணுகிறேன். உறுதிப்படுத்த என்னிடம் எந்த ஆவணமும் இல்லை.